ஒரே நூல், ஓராயிரம் கண்ணிகள்

(இளம் அறிவியல் - இயற்பியல், இரண்டாம் ஆண்டு மாணவி)

பின்னல் என்று சொன்னதும் நம் நினைவுக்கு வருவது கூந்தல். அடுத்து வருவது ஒயர் கூடை. மூன்றாவதாகத் திருப்பூர் பனியன் வந்தாலும் வரலாம். இரண்டு ஊசிகளையும் ஒரு நூற்கண்டையும் வைத்துக்கொண்டு குல்லாவும் மஃப்ளரும் பின்னுவது என்றால், அது உதகமண்டலத்துக்காரர்கள் வேலை அல்லவா, வெயில் கொளுத்தும் செங்கற்பட்டுப் பக்கத்தில் அதற்கு என்ன அவசியம் என்று கேட்போரே மிகுதி. கேள்வி நியாயமானதுதான்.

என் ஊசிகளில் இப்போது மூன்று வேலைகள் நடந்துகொண்டிருக்கின்றன. அவை எந்த மட்டில் இருக்கின்றன, அவற்றுள் என்ன கணக்கும் என்ன இயற்பியலும் அடங்கியுள்ளன என்பதை எடுத்துரைப்பதும், "இதனால் என்ன பயன்?" என்று என் வீட்டிலேயே எழுந்த கேள்விக்கு விடை தேடுவதும் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஊரும் ஊசியும்

திருக்கழுக்குன்றத்திலிருந்து கல்பாக்கம் செல்லும் சாலையில் இருக்கிறது அணுபுரம். அணுசக்தித் துறையில் பணிபுரிவோருக்காக எழுந்த குடியிருப்பு அது. பெயரிலேயே இயற்பியலைச் சுமந்து நிற்கும் ஊர் நாட்டில் வேறு எத்தனை இருக்கும்? பல மாநிலத்தவரும் அங்கே அடுத்தடுத்த வீடுகளில் வாழ்கின்றனர். நாங்கள் அக்குடியிருப்பைச் சேர்ந்தவர்கள் அல்லர். அதனை அடுத்துள்ள கிராமத்தார். என் அம்மா குடியிருப்பில் சில வீடுகளில் வேலை செய்கிறார். அவற்றுள் ஒன்று இமாசலப் பிரதேசத்தைச் சேர்ந்த ஓர் அம்மையாரின் வீடு. நாங்கள் அவரை 'ஆன்ட்டி' என்போம்.

பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிந்த விடுமுறையில் அம்மாவுக்குத் துணையாகச் சென்ற என் கையில் அவர்தாம் இரண்டு ஊசிகளைக் கொடுத்தார். அவருக்குத் தமிழ் கொஞ்சம். எனக்கு இந்தி அறவே இல்லை. அவர் செய்ததைப் பார்த்துப் பார்த்துச் செய்தேன். ஒரு வாரத்தில் ஒரு முழத் துண்டு பின்னினேன். அன்று தொடங்கியது இந்தப் பொழுதுபோக்கு. கல்லூரிக்கு வந்து போகும் பேருந்துப் பயணமே இன்று என் பின்னல் நேரம்.

முடிச்சில்லாத துணி

துணி என்றால் நமக்குத் தெரிந்தது நெசவு. காஞ்சிபுரத்துத் தறியில் பாவு நீளவாக்கில் நிற்கிறது. ஊடு குறுக்கே ஓடுகிறது. இரண்டு கூட்டம் நூல்கள் மேலும் கீழுமாகப் புகுந்து துணியாகின்றன. பின்னலில் அப்படி இல்லை. ஒரே நூல்தான். அது வளைந்து ஒரு கண்ணியாகிறது, அந்தக் கண்ணிக்குள்ளிருந்து அடுத்த கண்ணியை இழுக்கிறோம், அதற்குள்ளிருந்து அடுத்தது. ஊசியின் வேலை, இன்னும் பின்னப்படாத கண்ணிகள் அவிழ்ந்துவிடாமல் தாங்கி நிற்பதே.

சதுரங்கப்பட்டினம் குப்பத்தில் படகோரம் அமர்ந்து வலை செப்பனிடுவோரை நீங்கள் கண்டிருக்கலாம். அவர்களும் ஊசியும் நூலும் கொண்டுதான் கண்கண்ணாக வலையை வளர்க்கிறார்கள். ஆயினும் வலையின் ஒவ்வொரு மூலையிலும் ஒரு முடிச்சு உண்டு. அதனால் மீன் கடித்து ஒரு கண் அறுந்தால் அந்தக் கண்ணோடு சேதம் நின்றுவிடும். நம் பின்னலில் முடிச்சே கிடையாது. ஒரு கண்ணி நழுவினால் அதற்குக் கீழுள்ளவையும் ஏணி ஏணியாக அவிழும். இது குறை போலத் தோன்றும். ஆனால் இதுவே நிறையும் ஆகும். பழைய ஸ்வெட்டரின் நுனியைக் கண்டுபிடித்து இழுத்தால் நூல் முழுவதும் திரும்பக் கிடைத்துவிடும். வெட்டித் தைத்த துணியில் இது நடக்குமா?

பின்னலில் அடிப்படைக் கண்ணிகள் இரண்டே. ஆங்கிலத்தில் 'நிட்' என்றும் 'பர்ல்' என்றும் கூறுவர். முன்கண்ணி, பின்கண்ணி என்று நான் வைத்துக்கொண்டிருக்கிறேன். உண்மையில் இரண்டும் ஒன்றே. ஒன்றின் முதுகுதான் மற்றொன்றின் முகம். முன்கண்ணி 'வி' எழுத்தைப் போலத் தெரியும். அதையே துணியின் மறுபுறத்திலிருந்து பார்த்தால் சிறு மேடு போலத் தெரியும். இதை நம்பாதவர்கள் தாம் அணிந்திருக்கும் பனியனின் ஓரத்தை ஆய்வுக்கூடத்து உருப்பெருக்கியில் வைத்துப் பார்க்கலாம். வெளிப்புறத்தில் 'வி' வரிசைகளும் உட்புறத்தில் அலை வரிசைகளும் தெளிவாகத் தெரியும். ஆம், திருப்பூர் எந்திரம் செய்வதும் ஆன்ட்டி செய்வதும் ஒரே வேலைதான்! 1589ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் வில்லியம் லீ என்பவர் காலுறை பின்னும் சட்டகத்தை உருவாக்கினார். கைவேலை எந்திரமானது அங்கிருந்து தொடங்கிய கதை.

பின்னல் குளிர்நாட்டுச் சொத்து என்பதும் முழு உண்மை அன்று. இன்று நமக்குக் கிடைத்துள்ள மிகப் பழைய பின்னலாடைகளுள் எகிப்து நாட்டுக் காலுறைகள் குறிப்பிடத்தக்கவை. ஏறத்தாழ 11ஆம் நூற்றாண்டுக்கும் 14ஆம் நூற்றாண்டுக்கும் இடைப்பட்டவை அவை. பருத்தி நூலால், நீலமும் வெள்ளையுமாகப் பின்னப்பட்டவை. எகிப்து நம்மைவிடக் குளிர்ந்த தேசமா என்ன?

முதல் வேலை: சிசுவுக்குக் குல்லா

என் அக்காவுக்கு எட்டாம் மாதத்திலேயே பிள்ளை பிறந்துவிட்டது. எடை 1,700 கிராம். 2,500 கிராமுக்குக் குறைந்தால் எடை குறைந்த குழந்தை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவுகோல். செங்கற்பட்டு அரசு மருத்துவமனையில் 'கங்காரு முறை'யில் குழந்தையை வைத்திருக்கச் சொன்னார்கள். துணிச்சுற்று எதுவும் இல்லாமல் குழந்தையைத் தாயின் மார்போடு தோல் படும்படி அணைத்து வைப்பதே அம்முறை. 1978இல் தென் அமெரிக்காவின் கொலம்பியா நாட்டில், பொகோட்டா நகரத்து மருத்துவமனையில் இது தொடங்கியது. அங்கே இன்குபேட்டர் பற்றாக்குறை; அப்பற்றாக்குறையிலிருந்து பிறந்த முறை இன்று உலகெங்கும் பரவியிருக்கிறது. தாயின் உடலே அங்கு அடைகாக்கும் கருவி.

அப்போது குழந்தைக்கு அணிவிப்பது அணையாடை, காலுறை, தலைக்குக் குல்லா ஆகியவை மட்டுமே. குல்லா ஏன்? நம் உடல் உயரத்தில் தலை ஏறத்தாழ எட்டில் ஒரு பங்கு. பிறந்த குழந்தைக்கோ நான்கில் ஒரு பங்கு. அவ்வளவு பெரிய பரப்பு வெப்பத்தை இழந்துகொண்டே இருக்கும். குறைமாதக் குழந்தைக்குத் தோலடியில் கொழுப்பும் குறைவு. அதன் உடல் வெப்பநிலை 36.5 பாகை செல்சியசுக்குக் கீழே இறங்கக்கூடாது. நமக்கு இதமாக இருக்கும் மின்விசிறிக் காற்று அதற்குக் குளிர். செங்கற்பட்டு வெயிலில் குல்லா எதற்கு என்ற கேள்விக்கு இங்கே ஒரு விடை கிடைத்துவிட்டது.

குல்லா தானாக வெப்பம் தருவதில்லை. கண்ணிகளுக்குள் சிக்கி அசையாமல் நிற்கும் காற்றுத்தான் காப்பு. காற்று வெப்பத்தை மிக அரிதாகவே கடத்தும். நீரோ காற்றைவிட ஏறத்தாழ 23 மடங்கு கடத்தும். எனவே நனைந்த குல்லா இருப்பதைவிட இல்லாதிருப்பதே மேல் என்று செவிலியர் சிஸ்டர் சொன்னதற்கு நம் பாடப்புத்தகத்திலேயே காரணம் இருக்கிறது.

இனிக் கணக்கைப் பார்ப்போம். குழந்தையின் தலைச்சுற்று 30 செ.மீ. குல்லா சற்று இழுத்துப் பிடிக்க வேண்டுமாகையால் 28 செ.மீ. போதும். என் கைக்கு, இந்த நூலுக்கு, இந்த ஊசிக்கு 10 செ.மீ. அகலத்தில் 22 கண்ணிகள் விழுகின்றன. ஆகவே 28 செ.மீ.க்கு 61.6 கண்ணிகள் வேண்டும். அரைக் கண்ணி போட முடியாது. விளிம்புப் பின்னலுக்கு நான்கால் வகுபடும் எண் வேண்டும். எனவே 60. மூன்று ஊசிகளில் இருபது இருபதாகப் பிரித்து, நான்காம் ஊசியால் வட்டமாகப் பின்னிக்கொண்டே போக வேண்டும். உச்சிக்கு வந்ததும் வட்டத்தை ஆறு பகுதியாக்கி, ஒன்றுவிட்டு ஒரு சுற்றில் ஆறு ஆறு கண்ணிகளாகக் குறைக்க வேண்டும். 60, 54, 48 என்று இறங்கி, ஒன்பதாவது குறைப்பில் ஆறு கண்ணிகள் எஞ்சும். நூலை வெட்டி அந்த ஆறுக்குள்ளும் செலுத்தி இழுத்தால் உச்சி மூடிக்கொள்ளும். கூட்டுத் தொடர் என்று நாம் கரும்பலகையில் கற்றது இங்கே தலையில் அமர்ந்துகொள்கிறது.

அக்கா மகன் இப்போது 6 கிலோ. அந்தக் குல்லா அவன் முழங்காலுக்குத்தான் ஆகும். ஆனால் அடுத்தடுத்த படுக்கைகளுக்குப் புதிய குழந்தைகள் வந்துகொண்டுதானே இருக்கின்றன? சிஸ்டரிடம் கேட்டேன். மென்மையான பருத்தி நூலாக இருக்க வேண்டும், பொத்தானோ கயிறோ கூடாது, துவைத்துத் தர வேண்டும் என்று மூன்று நிபந்தனைகள் விதித்தார். வீட்டுக்குச் சென்ற பின் மருத்துவர் சொன்னாலொழியக் குழந்தையைக் குல்லாவோடு தூங்க வைக்கக்கூடாது, நம் ஊர் வெப்பத்தில் அது கெடுதல் என்றும் எச்சரித்தார். பத்துக் குல்லாக்கள் என்று எண்ணித் தொடங்கினேன். ஏழு முடிந்து, துவைத்து, கொடுத்தாகிவிட்டன. எட்டாவது 36 கண்ணிகளில், உச்சியை நெருங்கி நிற்கிறது.

இரண்டாம் வேலை: அப்பாவின் மஃப்ளர்

என் அப்பா இரவுக் காவலர். மார்கழிப் பனியில் விடியும்வரை நாற்காலியில் அமர்ந்திருப்பவருக்குக் காதும் கழுத்தும்தான் முதலில் சில்லிடும். அவருக்காக ஒரு மஃப்ளர் பின்னி வருகிறேன்.

முன்கண்ணிகளை மட்டுமே பின்னினால் துணியின் ஓரங்கள் அப்பளம் பொரிவதுபோலச் சுருண்டுகொள்ளும். ஒவ்வொரு கண்ணியும் நேராக நிமிரப் பார்க்கும் ஒரு சிறு வில். எல்லா வில்லும் ஒரே பக்கம் பார்த்திருந்தால் துணி அப்பக்கம் வளையாமல் என்ன செய்யும்? இரண்டு முன்கண்ணி, இரண்டு பின்கண்ணி என்று மாற்றி மாற்றிப் பின்னினால் விசைகள் ஒன்றையொன்று சரிக்கட்டிவிடுகின்றன. அதோடு, முன்கண்ணி வரிசைகள் மேலெழும்பி, பின்கண்ணி வரிசைகள் உள்ளே ஒடுங்குகின்றன. ஆர்மோனியத்தின் துருத்தியைப் போலத் துணி மடிந்து நிற்கிறது. இழுத்தால் விரிகிறது, விட்டால் கூடுகிறது. நூல் நீளவே இல்லை. கண்ணிகளின் வடிவம் மட்டுமே மாறுகிறது.

இது வெறும் கைப்பக்குவம் என்று எண்ணிவிட வேண்டாம். அமெரிக்காவின் ஜார்ஜியா தொழில்நுட்பக் கழகத்தில் எலிசபெட்டா மட்சுமோட்டோ என்னும் இயற்பியலாளரின் குழு இதையே ஆராய்ந்து வருகிறது. ஒரே நூலைக் கொண்டு கண்ணிகளின் வரிசையை மட்டும் மாற்றினால் துணியின் மீள்தன்மை எவ்வாறு மாறுகிறது என்பதை அவர்கள் அளந்து, 2024இல் ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டனர். நாம் ஆய்வுக்கூடத்தில் கம்பியைத் தொங்கவிட்டு எடை ஏற்றி யங் குணகம் காண்கிறோமே, அதற்கு உறவுமுறைதான் இது.

மஃப்ளரின் கணக்கு இது: குறுக்கே 44 கண்ணிகள். 10 செ.மீ. நீளத்துக்கு 26 வரிசைகள். 150 செ.மீ. நீளத்துக்கு 390 வரிசைகள். மொத்தம் 17,160 கண்ணிகள். நிமிடத்துக்கு இருபது கண்ணி என் வேகம். ஆகவே ஏறத்தாழ 14 மணி நேரம். இதுவரை 250 வரிசைகள், அதாவது 96 செ.மீ. முடிந்திருக்கிறது. எஞ்சியவை 140 வரிசைகள். மார்கழி பிறக்கும் முன் முடித்துவிடலாம்.

மூன்றாம் வேலை: மடிந்து மடிந்து வளரும் தளம்

மூன்றாவது வேலைக்கு ஊசி வேறு. நுனியில் கொக்கி உள்ள ஒற்றை ஊசி, குரோஷா என்பார்கள். பின்னலில் ஒரு வரிசைக் கண்ணிகள் முழுவதும் ஊசியில் ஏறி நிற்கும். குரோஷாவில் எந்த நேரமும் ஒரு கண்ணிதான் ஊசியில் இருக்கும். மகளிர் பலர் கூடி இவ்வேலையில் உலக சாதனையே நிகழ்த்தியது நம் சென்னையில்தான். 2016 ஜனவரி 31 அன்று 'மதர் இந்தியாஸ் குரோஷே குயின்ஸ்' என்னும் குழுவினர் 11,148.5 சதுர மீட்டர் பரப்புள்ள குரோஷா போர்வையை விரித்துக் கின்னஸ் ஏட்டில் இடம்பெற்றனர். ஏறத்தாழ 2¾ ஏக்கர்!

நான் செய்வது போர்வை அன்று. ஒரு கணித மாதிரி. ஒரு நேர்கோட்டுக்கு வெளியேயுள்ள புள்ளி வழியாக அக்கோட்டுக்கு ஒரே ஓர் இணைகோடுதான் வரைய முடியும் என்று பள்ளியில் படித்தோம். அது சமதளத்தில் மட்டும் உண்மை. அதிபரவளைவுத் தளம் என்று ஒன்று உண்டு. அங்கே அதே புள்ளி வழியாக, முதற்கோட்டை என்றுமே வெட்டாத கோடுகள் எண்ணற்றவை வரையலாம். இதைக் கேட்டால் தலை சுற்றும். கண்ணால் கண்டால் சுற்றாது. வில்லியம் தர்ஸ்டன் என்ற கணித மேதை இதற்குக் காகித மாதிரி செய்யும் வழி கூறினார். காகிதம் எளிதில் கிழிந்தது. லாட்வியா நாட்டில் பிறந்து அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய டைனா டைமினா என்னும் அம்மையார் 1997இல் குரோஷா ஊசியைக் கையில் எடுத்தார். கிழியாத மாதிரி பிறந்தது.

முறை எளிது. ஒவ்வோர் ஐந்து கண்ணிக்கும் ஒரு கண்ணியைக் கூட்டிக்கொண்டே போக வேண்டும். ஒவ்வொரு வரிசையும் முந்தியதைப் போல் 1.2 மடங்காகும். ஓரம் வளர வளர இடம் போதாமல் துணி நெளிந்து மடியும். கோழிக்கொண்டைப் பூவின் ஓரம் நெளிந்திருப்பதும் இவ்வாறே. நடுவைவிட விளிம்பு மிகுதியாக வளர்ந்துவிடுகிறது. மடிப்புகளின் வழியே வண்ண நூலால் தையலிட்டால் அவையே அத்தளத்தின் நேர்கோடுகள். ஒரே புள்ளியில் மூன்று வண்ணக் கோடுகள் புறப்பட்டு, நான்காவது கோட்டை வெட்டாமல் விலகிச் செல்வதை விரலால் தடவிப் பார்க்கலாம்.

இருபது கண்ணி அடிச்சங்கிலியில் தொடங்கினேன். இருபது வரிசைகள் திட்டம். பதினான்கு முடிந்தன, பதினான்காம் வரிசையில் 257 கண்ணிகள். முக்கால் கிணறு தாண்டியதுபோல் தோன்றும். ஆனால் இருபதாம் வரிசையில் 767 கண்ணிகள் இருக்கும்! மொத்தக் கண்ணிகள் ஏறத்தாழ 4,500. இதுவரை போட்டவை ஏறத்தாழ 1,440 மட்டுமே. வரிசைக் கணக்கில் பத்தில் ஏழு பங்கு, கண்ணிக் கணக்கில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. பெருக்குத் தொடரின் வேகத்தைப் புத்தகத்தைவிட என் விரல்களே எனக்கு நன்கு உணர்த்தின.

கூலிக் கணக்கு

இனி அந்த வீட்டுக் கேள்விக்கு வருவோம். "இதுல என்னடி கிடைக்கும்?" என்றுதான் அம்மா கேட்டார். உறவினர் சிலர், "படிக்க அனுப்பினா நூலைச் சுத்திக்கிட்டுத் திரியுறா" என்றனர். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். என் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் பின்னால் பலருடைய உழைப்பு இருக்கிறது. ஆகையால் அக்கேள்வியைக் கோபத்தோடு தள்ளிவிட எனக்கு உரிமை இல்லை. கணக்குப் போட்டுப் பார்த்தேன். மஃப்ளருக்கு வாங்கிய நூலின் விலைக்கே கடையில் ஒரு மஃப்ளர் கிடைக்கும். எந்திரத்தின் வேகத்தோடு கை போட்டியிட முடியாது. ஆகவே 14 மணி நேரத்துக்குக் கூலி சுழி. இதில் மறைக்க ஏதுமில்லை.

ஆனால் வேறொன்றையும் கவனித்தேன். அம்மா இரவில் ஒயர் கூடை பின்னுகிறார். கேட்டவர்களுக்குப் பின்னிக் கொடுத்துக் கூலி பெறுகிறார். இத்தனை ஆண்டுகளில் எத்தனையோ கூடைகள். எங்கள் வீட்டில் அம்மா பின்னிய கூடை ஒன்றுகூட இல்லை! கூலி கிடைக்கும் வேலையே வேலை என்று வாழ்ந்த கைகள், தமக்கென்று ஒன்றைச் செய்துகொள்ளவே இல்லை. வசதி படைத்தவர் செய்தால் அது பொழுதுபோக்கு என்றும் கலை என்றும் பெயர் பெறுகிறது. நம் வீட்டுப் பெண் செய்தால் மட்டும் அது வீண்பொழுதா? பசியாற உண்பதும் உறங்குவதும் போல, கையும் மனமும் விரும்பிச் செய்யும் ஒரு வேலைக்கு அரைமணி நேரம் கிடைப்பதும் மனிதருக்கு உரிய ஒன்று என்றே நான் கருதுகிறேன். படிப்பு நம் வீடுகளுக்குக் கொண்டுவர வேண்டியவற்றுள் அந்த அரைமணியும் ஒன்று.

இதை நான் அம்மாவிடம் சொற்பொழிவாற்றவில்லை. ஒரு நாள் மஃப்ளரை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, "எனக்கும் ஒரு வரி போட்டுக் காட்டு" என்றார். கூடை பின்னிய விரல்களுக்குக் கற்றுக்கொள்ள நேரம் ஆகவில்லை. ஆறு வரிசைகள் போட்டார். ஒயரை இறுக்கிப் பழகிய கை ஆகையால் அந்த ஆறு வரிசைகள் மட்டும் சற்று இறுக்கமாக, மற்றவற்றைவிட அரை விரற்கடை ஒடுங்கித் தெரிகின்றன. அவற்றை நான் பிரிக்கவில்லை, பிரிக்கப்போவதும் இல்லை.

தொடங்க விரும்புவோர்க்கு

நண்பர்களே! இக்கலைக்குப் பெருஞ்செலவு இல்லை. பென்சில் பருமனில் இரண்டு மூங்கில் குச்சிகளை உப்புத்தாளால் நன்கு தேய்த்து ஒரு முனையைக் கூராக்கினால் ஊசி ஆயத்தம். ஒரு கண்டு நூல் போதும். முதலில் இருபது கண்ணிகளோடு ஒரு சதுரம் பின்னுங்கள், 10 செ.மீ.க்கு எத்தனை கண்ணி விழுகிறது என்று அளந்து குறித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொருவர் கைக்கும் அவ்வெண் வேறுபடும். அதன் பின் விகிதக் கணக்கு தெரிந்த எவரும் எந்த அளவுக்கும் குல்லா பின்னலாம். மாணவர்களும் தயங்க வேண்டாம். கடற்கரையில் வலை பின்னும் கைகள் ஆண்களின் கைகள்தாமே?

மாதிரியின் இருபது வரிசைகளும் முடிந்ததும் கணிதத் துறைக்குக் கொடுப்பதாக உள்ளேன். விருப்பமுள்ளோர் இணைகோடுகளைத் தொட்டுப் பார்க்கலாம். மதிய இடைவேளைகளில் இயற்பியல் துறைப் படிக்கட்டில் என்னைக் காணலாம். இன்னும் இரண்டரைக் குல்லாக்கள் மீதி இருக்கின்றன. ஊசி பிடிக்க இருவர் வந்தாலும் அடுத்த மாதம் பத்து, இருபதாகும்.